திருத்தி வாசிக்கவும்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் வீட்டிலும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம். வழக்கத்தை மீறி எனக்குப் பழக்கமில்லை என்பதால் எழுதிவிட்டேன். மனதார எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே 'பேரன்பு' என்று இருப்பதும் அப்படித்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் தேர்வுப் பிரிவின் தலைமை எழுத்தராக இருந்த காலத்தில், ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தைக்கூட நான் 'அன்புடையீர்' என்றுதான் தொடங்கியிருக்கிறேன்.

போனிலேயே கேட்டுவிடலாமே என்கிறாள் உங்கள் அக்கா. போனில் கேட்டால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் கேட்டால் மழுப்ப முடியாது. அதனால் எழுத்தில் கேட்கிறேன். நம் பையனுடைய படத்துக்கு நீங்கள் ஐந்து போட்டிருக்கிறீர்களே, இது நியாயமா?

ஐந்து! முன்பின் தெரியாதவன் போட்டிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எனக்கும் என் ஒன்றுவிட்ட தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று எவ்வளவு காலம் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். பொதுச்சுவரில் அவன் ஆணி அடித்த நாளிலிருந்து நாங்கள் முகம் பார்ப்பதில்லை. அந்த ஒன்றுவிட்ட தம்பியே, குடும்பத்தில் ஒரு ஆள் விடாமல் எல்லோரையும் உட்காரவைத்து ஒன்று போடவைத்திருக்கிறான். தாய்மாமன் நீங்கள், பையன் பிறந்த அன்று அவனை முதலில் கையில் வாங்கியவர், ஐந்து போட்டிருக்கிறீர்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலி கடையை மூடிவிட்டுத் தியேட்டருக்கு வந்து, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து மேய்ந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அத்தான் அவசரப்பட்டுவிட்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நம் பையன் ஜாஸ் கலைஞர்களைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது, ஜாஸ் என்றால் என்ன என்று நான் பொறுமையாகத்தான் கேட்டேன். "மனசுல அப்பப்போ வர்றத வாசிக்கிறதுப்பா. எழுதி வெச்சுட்டு வாசிக்க மாட்டாங்க" என்றான். எழுதி வைக்காத வேலை எதுவும் உருப்பட்டதாக என் அனுபவத்தில் இல்லை. "தப்பா வாசிச்சிட்டா?" என்றேன். "ஜாஸ்ல தப்புன்னு ஒண்ணு கிடையாதுப்பா. ஒரு தடவ தப்பா வாசிச்சாத்தான் தப்பு. அதையே தைரியமா இன்னொரு தடவ வாசிச்சா அதுதான் பாட்டு" என்றான். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அப்படித்தான் தைரியமா ரெண்டு தடவ தப்பா எழுதினான். மூணாவது தடவைக்கு அவன் ஆபீஸ்லயே இல்ல" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். என் பெரிய அக்காவிடம் போனில் சொன்னால், அவளுக்குக் காது சற்று மந்தம், "என்னது, ஜாஸ்தி படமா? செலவு ஜாஸ்தியா?" என்கிறாள். "செலவு கம்மிக்கா. பேர்தான் ஜாஸ்" என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. படத்தின் பெயர் இன்னொரு தொல்லை. ஊதிப் பிழைக்கும் நான்கு கிழவர்களுக்கு வேலை போய்விடுகிறது, வாசிக்க இடம் தேடி அலைகிறார்கள், அதனால் 'ஊதியம் இல்லை' என்று பெயர் வைத்தான். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சம்பள பாக்கியைப் பற்றிய படம் என்று நினைத்துக்கொண்டு, பழைய கோபத்தோடு முதல் காட்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

படம் எங்கள் வீட்டு ஹாலில்தான் எடுக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். சுவரில் கறுப்புப் போர்வை மாட்டினால் அது ஜாஸ் விடுதி. போர்வையை எடுத்தால் மருத்துவமனை. எங்கள் சாப்பாட்டு மேஜைக்குத் துணி போர்த்தினால் அது பியானோ. அது பியானோவாக இருந்த வரைக்கும் நானும் உங்கள் அக்காவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ட்ரம்பெட் வாசிக்கும் கிழவராக நடித்தவர் அடுத்த வீட்டுப் பல் டாக்டர். அவருக்கு ஊதத் தெரியாது. ஆனால் கன்னம் நன்றாக உப்பும். சத்தத்தைப் பின்னால் வேறு ஒருவரை வாசிக்கவைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சாக்ஸபோன் ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு வாடகைக்கு வந்தது. கொடுத்தவர் மறதிக்காரர், பெட்டியை விட்டுவிட்டுச் சாக்ஸபோனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் படம் முழுக்க அந்த நடிகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார், திறக்கவே மாட்டார். வெறும் பெட்டி என்றால் தோள் சரியாகச் சாயவில்லை என்று அதற்குள்ளே எங்கள் இஸ்திரிப் பெட்டியை வைத்தார்கள். படம் முடிகிறவரை நான் கசங்கிய சட்டையோடுதான் வெளியே போய் வந்தேன். கலைக்காக ஒரு குடும்பம் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஃபிரிட்ஜ் விவகாரம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நீங்களே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "இது கம்ப்ரஸர் இழுத்துக்கிட்டுக் கிடக்கு அத்தான், மாத்திடலாம்" என்று சொன்ன அதே ஃபிரிட்ஜ்தான். அது 'ம்ம்ம்' என்று முனகுவது படத்தில் பதிந்துவிடும் என்பதால், பையன் "சைலன்ஸ்" என்று கத்தும்போதெல்லாம் உங்கள் அக்கா ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பாள். பிறகு போடுவதற்கு மறந்துவிடுவாள். வாங்குகிற பாலெல்லாம் திரிந்து போயிற்று. கடைசிக் காட்சி எடுத்த அன்று, பல் டாக்டரின் கன்னம் உப்புவதைப் பார்க்கிற ஆர்வத்தில் அவள் அணைக்கவே மறந்துவிட்டாள். கேட்பதற்கு ஒருவரும் இல்லாத அறையில் கிழவர் கடைசியாக ஊதுகிறார். ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டே இருக்கிறது. பல் டாக்டர் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்தார் பாருங்கள், அதே நொடியில் ஃபிரிட்ஜ் 'டக்' என்று ஓர் உதறு உதறி நின்றது. நான் பயந்துபோய் உங்கள் அக்காவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பையன் மட்டும் குதித்தான். "அதேதான்! அதேதான்!" என்று பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். எதேதான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு நாம் நால்வரும், பழையபடி மேஜையாகிவிட்ட பியானோவைச் சுற்றி உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டதை நினைவுபடுத்துகிறேன். "எனக்கு முதுகு போயிடுச்சு அத்தான். ஒரு ஃபிரிட்ஜ நகர்த்தவே ரெண்டு பேரக் கூப்பிட வேண்டியிருக்கு. கடைய இவன் பாத்துக்கிட்டா நான் நிம்மதியா உக்காருவேன்" என்று சொன்னது நீங்கள். "படம் ரெண்டாவது வாரம் ஓடினா என்ன என் போக்குல விட்டுடணும். ஓடலன்னா மறுநாளே மாமா கடைக்கு வந்துடறேன்" என்று சொன்னது பையன். நீங்கள் கையை நீட்டினீர்கள், அவன் பிடித்துக் குலுக்கினான். அவன் முகத்தை நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ, நான் பார்த்தேன். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுவானே, அந்த முகம்.

படத்தை எடுத்துக்கொண்ட சின்னத் தியேட்டர்காரர் கறாரான ஆள். பார்த்தவர்கள் தியேட்டரின் இணையப் பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணை அழுத்தி, இரண்டு வரி கருத்தும் எழுத வேண்டும். சராசரி மூன்றுக்கு மேலே இருந்தால்தான் இரண்டாவது வாரம். "மூணுக்கு மேல வரணும்பா. அவ்வளவுதான்" என்று பையன் முகம் வாடிச் சொன்னான். இதில் வாட என்ன இருக்கிறது மாப்பிள்ளை? என் உத்தியோகமே அதுதானே! வாழ்நாள் முழுக்க ரேங்க் பட்டியல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான். மூன்றுக்கு மேலே யார் இருப்பார்கள்? இரண்டு இருப்பான், அதற்கும் மேலே ஒன்று இருப்பான். "ஒண்ணே வாங்கிடலாம்டா!" என்றேன். "ஒண்ணொண்ணாத்தான்பா வாங்கணும்" என்று பெருமூச்சு விட்டான். வாரம் முடிகிறவரை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே மாட்டேன், பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்து அலமாரியில் போட்டான். சரி, அப்பன் எதற்கு இருக்கிறேன் என்று நான் இறங்கினேன்.

என் போனுக்கு அன்றிலிருந்து ஓய்வே இல்லை. மறந்துபோன சொந்தங்களை எல்லாம் தோண்டி எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே வார்த்தை: "படத்தைப் பாருங்க, நல்லா நாலு வார்த்தை எழுதுங்க, ஒண்ணு போடுங்க." பெரிய அக்கா, "எனக்குப் படம் ரொம்பப் பிடிச்சிருக்குடா. மனசு கேக்கல, ரெண்டா போட்டுடறேனே" என்றாள். "அய்யோ அக்கா, ரெண்டு போட்டா ரெண்டாம் ரேங்க்!" என்று கத்தித் தடுத்தேன். பல் டாக்டர் உள்ளே வேலையாக இருக்கும்போது அவருடைய கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவர்களில் படத்தைப் பார்த்தவர்கள் சிலர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்கள் வாக்குவாதம் செய்வதில்லை, போனைக் கொடுத்துவிடுகிறார்கள். நானே ஒன்று அழுத்திக் கொடுத்தேன். ஓர் இளைஞன் மட்டும், "சார், படம் நல்லா இருந்திச்சு சார். அஞ்சு போடுங்க" என்றான். டாக்டர் மேல் இவனுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தால் இப்படிச் சொல்வான் என்று நினைத்து, "பல்லுதானப்பா பிடுங்கினாரு, மன்னிச்சுடு" என்று தட்டிக்கொடுத்து ஒன்று போட்டேன்.

இனிக் கருத்துகளுக்கு வருகிறேன். முகம் தெரியாத மனிதர்கள் எழுதியதை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்திருக்கிறேன். ஒருவர், 'திறக்கப்படாத அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு கலைஞனின் நெஞ்சு' என்று எழுதியிருக்கிறார். என் இஸ்திரிப் பெட்டி மாப்பிள்ளை அது. இன்னொருவர், 'பியானோவை முழுதாகக் காட்டாமலே விட்ட துணிச்சலை வணங்குகிறேன்' என்கிறார். முழுதாகக் காட்டினால் மேஜைக்கால் தெரியும். ஒரு பெண்மணி, 'எல்லாக் காட்சியிலும் அதே கறுப்புச் சுவர். ஏழைக் கலைஞர்கள் எங்கே போனாலும் ஒரே அறைதான் என்று சொல்லாமல் சொல்கிறார் இயக்குநர்' என்று எழுதியதைப் படித்துவிட்டு, உங்கள் அக்கா அந்தப் போர்வையை இப்போது யாரையும் போர்த்திக்கொள்ள விடுவதில்லை. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இவர்கள் போட்டது என்ன தெரியுமா? நான்கு! மனம் உருகிப்போனதாம், நான்காம் ரேங்க்காம். உருகின மனசுக்கு முதல் ரேங்க் கொடுக்கக் கை வரவில்லை. இவர்களைவிட இன்னொருவர் எவ்வளவோ மேல். 'இடைவேளைவரை நன்றாகத் தூங்கினேன், இடைவேளைக்குப் பிறகு வீட்டில் தூங்கினேன்' என்று ஒரே வரி எழுதி ஒன்று போட்டிருக்கிறார். தூக்கம் வராதவராக இருக்கும் பாவம். தூங்கவைத்த நன்றியை மறக்கவில்லை பாருங்கள்.

இந்த இடத்தில்தான் 'கம்ப்ரஸர் மாமா' என்ற பெயரில் உங்களுடைய கருத்து என் கண்ணில் பட்டது. உலகத்தில் வேறு யார் அப்படிப் பெயர் வைத்துக்கொள்வார்கள்? எழுதியிருப்பதை எழுத்து மாறாமல் தருகிறேன்: 'கடைசியில் கிழவர் ஊதி முடிக்கிறார். அடியில் ஓடிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிடுகிறது. எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஐந்துக்கு மேல் இல்லாததால் ஐந்து.'

ஏன் மாப்பிள்ளை, படத்தில் ஃபிரிட்ஜ் சத்தம் கேட்கிறது என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டுமா? வேறு யாருக்கும் தெரியவில்லையே, 'இதயத்துடிப்பு போல ஓர் ஆழ்ந்த நாதம்' என்றல்லவா எழுதிக்கொண்டிருக்கிறார்கள்! உங்களுக்கு மட்டும் தொழில் புத்தி. எல்லோரும் எழுந்து கைதட்டும்போது நீங்கள் மரியாதைக்குக்கூட எழுந்திருக்கவில்லை என்பதையும் நீங்களே வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் மேலாக அந்தக் கடைசி வரி. ஐந்துக்கு மேல் இல்லையாம்! இருந்திருந்தால்? ஆறாம் ரேங்க், ஏழாம் ரேங்க் என்று கொடுத்துக்கொண்டே போயிருப்பீர்களா? ஃபெயில் என்று ஒரு பொத்தான் இருந்திருந்தால் அதையே அழுத்தியிருப்பீர்கள்!

எனக்குக் காரணம் தெரியும். சொல்லிவிடுகிறேன். படம் ஓடாவிட்டால் பையன் உங்கள் கடைக்கு வந்துவிடுவான். உங்களுக்கு ஆள் கிடைக்கும். இதற்குத்தான் இந்த ஐந்து. இதற்குப் பெயர் துரோகம். கூடவே இருந்து குழி பறிப்பது என்பது இதுதான். "என் தம்பி அப்படிச் செய்யமாட்டான். நீங்க மொதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று உங்கள் அக்கா சமையலறையிலிருந்து இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் கண்ணாடியில் ஐந்து ஐந்தாகத்தான் தெரிகிறது. உங்கள் அக்காவுக்குத்தான் தம்பி என்றால் ஐந்துகூட ஒன்றாகத் தெரிகிறது. பெற்றவன் வயிறு எப்படி எரியும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவன் ராத்திரி பகலாக ஒவ்வொரு காட்சியையும் செதுக்கியதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன். எனக்குப் படம் புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்யும்போது அவன் சாப்பிட மறந்தான், சண்டை போட மறந்தான், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்புக்கு ஐந்தாம் ரேங்க் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகையால் இனி எங்கள் ஃபிரிட்ஜைப் பார்க்க நீங்கள் வர வேண்டாம். வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு விசேஷங்களுக்கு முறைப்படி அழைப்பு வரும், முறைப்படி வாருங்கள், முறைப்படி போங்கள்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு என் ஆசி. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உங்களுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாததால் எதுவும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஐந்தாம் ரேங்க் வாங்கிய பையனின் அப்பா

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது பையன் உள்ளே வந்தான். தியேட்டர்காரர் கூப்பிட்டு அனுப்பியதால் போய்விட்டு வந்தவன். என் எதிரே உட்கார்ந்து, கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, பெரியத்தை ஒண்ணு போட்டிருக்காங்க."

"ஆமா."

"பேசாத சித்தப்பாகூட ஒண்ணு போட்டிருக்காரு."

"ஆமாடா! ரத்த பாசம் விட்டுப்போகுமா?"

"மொத்தக் குடும்பமும் ஒண்ணு. நீங்க?"

"மொத ஒண்ணே நான்தான்டா!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவன் போனை மேஜைமேல் வைத்தான். "அப்பா... அஞ்சுதான்பா ஒசத்தி" என்றான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "மூணுக்கு மேலன்னியேடா" என்றேன். "மேலன்னா மேலப்பா. நாலு. அஞ்சு" என்று கையை உயர்த்திக் காட்டினான். அப்போதுதான் புரிந்தது மாப்பிள்ளை. என் பிள்ளையின் படத்தை நானே, ஒவ்வொருவராகப் போன் போட்டு, பல் வலிக்காரர்களைக்கூட விட்டுவைக்காமல், ஆள் திரட்டி அடித்து நொறுக்கியிருக்கிறேன். "மாத்திடலாம்டா, எல்லாரையும் திரும்பக் கூப்பிடறேன்" என்று எழுந்தேன். அழுத்தின எண்ணை அப்புறம் மாற்ற முடியாதாம். அவன் எழுந்துபோய் ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். பிறகு பார்த்தால் அவன் சிரிக்கிறான்.

தியேட்டர்காரர் கூப்பிட்டது படத்தை எடுப்பதற்கு இல்லையாம். "என்னய்யா நடக்குது உன் படத்துக்கு? கண்ணீர் வந்திச்சு, காலம் கடந்து நிக்கும், குடும்பத்தோட பாருங்கன்னு எழுதறாங்க, எழுதிட்டு ஒண்ணு போடறாங்க!" என்று கேட்டாராம். இந்த விசித்திரத்தை யாரோ நாலு பேருக்கு அனுப்ப, அவர்கள் நாற்பது பேருக்கு அனுப்ப, அப்படி என்னதான் படம் என்று பார்க்கக் கூட்டம் வருகிறதாம். வந்தவர்கள் பார்த்துவிட்டு, அவர்களும் விளையாட்டுக்கு விழுந்து விழுந்து புகழ்ந்து ஒன்று போட்டுவிட்டுப் போகிறார்களாம். சராசரி என் தலைமுறையில் நான் பார்த்திராத பாதாளத்தில் இருக்கிறது. அரங்கு நிறைந்திருக்கிறது. "சராசரியப் பாக்கறதா, சீட்டப் பாக்கறதா? இருக்கட்டும்யா இன்னொரு வாரம்" என்று சொல்லிவிட்டாராம் அந்தக் கறார் மனிதர். என் இஸ்திரிப் பெட்டியைப் பெட்டியோடு வாசலில் பார்வைக்கு வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம்.

"நான் சொல்லல? ஒரு தடவ தப்பா வாசிச்சாத்தான் தப்பு. நீங்க ஊரையே சேத்துக்கிட்டு வாசிச்சிட்டீங்க" என்றான் பையன்.

இப்போது உங்கள் விஷயம். எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். உங்கள் அக்கா விடவில்லை. "எழுதினது எழுதினதுதான். என் தம்பி படிக்கட்டும்" என்று கடிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். சரி, எனக்குத் தெரிந்த ஒரே வழி திருத்தம் போடுவது. மேலே 'துரோகம்' என்று வரும் இடத்தில் 'பாசம்' என்று திருத்தி வாசிக்கவும். பயிரை மேய்ந்த வேலி நீங்கள் இல்லை, நான் என்று திருத்தி வாசிக்கவும். 'ஃபெயில்' பொத்தானை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும். பல் வலி இளைஞனிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பையன் சொன்ன ஒன்றையும் எழுத வேண்டும். இவ்வளவு பேரில் ஐந்து போட்டவர் நீங்கள் ஒருவர்தான். "இந்த ஒரே ஒரு அஞ்சு விளையாட்டக் கெடுக்குதே, தூக்கிடவா?" என்று தியேட்டர்காரர் கேட்டதற்கு, "அத மட்டும் தொடாதீங்க சார், அது எங்க மாமா" என்றானாம்.  எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. படம் ஓடினால் அவன் கடைக்கு வரமாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் முதுகு வலியும் உங்களுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தே, அந்த இருட்டில் உட்கார்ந்து ஐந்து போட்டிருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முறைப்படி வேண்டாம், சும்மா வாருங்கள். கனமான ஃபிரிட்ஜ்களை எல்லாம் இனி வாரத்தில் பாதி நாள் வந்து தானே நகர்த்தித் தருவதாகப் பையன் சொல்கிறான்; ஒப்பந்தத்துக்காக இல்லையாம், சும்மாவாம். கருவிப் பையை மட்டும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் கம்ப்ரஸரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவன் ஃபிரிட்ஜின் மேல் எழுதி ஒட்டிவிட்டான். பால் திரிந்தால் திரியட்டும் என்று உங்கள் அக்காவும் சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒன்று. முதல் வரியில் உள்ள 'பேரன்பு' என்ற சொல்லை மட்டும் திருத்தாமல் வாசிக்கவும்.

உங்கள் அத்தான்